“ஃபாரின் படிப்புக்கு நேபாளமா?” – காடு படிக்கப் போன கதை

இந்த எபிசோடில் பேசியிருப்பவர் தேனி மாவட்டத்துக்காரர். நேபாளத்தின் பொக்காராவில் இயற்கை வள மேலாண்மையில் முதுகலை முடித்தவர். இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களில் நீர்நிலைப் பாதுகாப்பு வேலை பார்க்கிறார். கிராமத்து மனிதர்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் அவர் சொல்லவில்லை. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.

---



நான் மேல்படிப்புக்கு வெளிநாடு போறேன்னு வீட்டுல சொன்னப்போ அப்பா முகத்துல ஒரு பெருமை வந்துச்சு. “எந்த நாடும்மா?”ன்னு கேட்டார். நேபாளம்னு சொன்னேன். அந்தப் பெருமை அப்படியே இறங்கிடுச்சு. “நம்ம தெருவுக்கு விசில் அடிச்சிட்டு வர்ற கூர்க்கா ஊரா? அங்கிருந்து அவங்க இங்க வர்றாங்க, நீ அங்க போறியா?”

அப்பா கேட்டதுல தப்பு இல்லை. என் கூட பி.எஸ்.சி. படிச்சவங்க நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியான்னு அப்ளை பண்ணிட்டிருந்தாங்க. அந்த ஃபீஸுக்கு எங்க வீட்டுல வழி இல்லைங்கிறது ஒரு காரணம். அதை மறைக்க வேண்டாம். இன்னொரு காரணமும் இருந்துச்சு. காட்டை ஊர்க்காரங்க கையில கொடுத்துப் பார்த்த நாடு எதுன்னு தேடினா, பாடப்புத்தகத்துல முதல்ல வர்ற பேர் நேபாளம்தான். அதை அங்கேயே போய்ப் பார்க்கணும்னு ஆசை.

எங்க அப்பத்தா மலையடிவாரத்துல விறகு பொறுக்கி, சீமாறு புல் அறுத்து வித்தவங்க. வாட்சர் வர்றார்னு சத்தம் கேட்டா அரிவாளைப் புதர்ல போட்டுட்டு சும்மா நிப்பாங்களாம். சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டு நாங்க சிரிப்போம். காடுன்னா ஃபாரஸ்ட்காரங்களோடது, நாம உள்ளே போனா திருடன். அப்படித்தான் எனக்குப் பதிஞ்சிருந்துச்சு.

போன வழி

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். ரப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. அங்கிருந்து பஸ்ல சுனாலி எல்லை. பெட்டியை இழுத்துக்கிட்டு ஒரு வளைவு வழியா நடந்தா வெளிநாடு வந்துடுது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். நூறு இந்திய ரூபாய்க்கு நூத்தி அறுபது நேபாள ரூபாய், அது மாறாத கணக்கு. வாட்சை மட்டும் 15 நிமிஷம் முன்னாடி திருப்பி வச்சேன். ஒரு மணி நேரம்கூட இல்லை, கால் மணி நேர வித்தியாசம்! அங்கிருந்து மலைப்பாதையில வளைஞ்சு வளைஞ்சு பொக்காரா போய்ச் சேரும்போது ராத்திரி ஆயிடுச்சு. மறுநாள் காலையில ஜன்னலைத் திறந்தா மச்சாபுச்சரே சிகரம் நிக்குது. அதைப் பார்த்ததும் அழுதுட்டேன். அழகுக்காக மட்டும் இல்லை. ஹிந்தியும் தெரியாம, நேபாளியும் தெரியாம, இங்க ரெண்டு வருஷம் எப்படி இருக்கப்போறோம்னு பயம்.

பாடம் எல்லாம் இங்கிலீஷ்லதான். ஆனா ஃபீல்டுக்குப் போனா நேபாளி இல்லாம ஒண்ணும் நடக்காது. அங்க அண்ணனைப் பேச்சு வழக்குல ‘தாய்’னு கூப்பிடுவாங்க. அம்மாவை ‘ஆமா’ன்னு கூப்பிடுவாங்க. முதல் மாசம் யார் என்ன கேட்டாலும் நான் பழக்கத்துல “ஆமா, ஆமா”ன்னு தலையாட்டுவேன். எல்லாரையும் அம்மாவாக்கிட்டு இருந்திருக்கேன்.

வகுப்புல உடைஞ்ச முதல் நம்பிக்கை

முதல் செமஸ்டர்ல ஒரு ஆசிரியர் ஒரு கதை சொன்னார். அது எனக்கு இன்னிக்கும் உதவுது.

1970கள்ல உலகம் முழுக்க ஒரு பேச்சு இருந்துச்சு. இமயமலையில ஜனத்தொகை பெருகுது, மலை விவசாயிங்க விறகுக்காகவும் நிலத்துக்காகவும் காட்டை வெட்டுறாங்க, மண் சரியுது, அதனாலதான் கீழே வங்கதேசத்துல வெள்ளம் வருதுன்னு. எரிக் எக்ஹோம் மாதிரி எழுத்தாளர்கள் அதைப் பரப்பினாங்க. நிதி கொடுக்கிற நாடுகள், திட்டம் போடுறவங்க எல்லாரும் நம்பினாங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல நேபாளமே மொட்டையாயிடும்னு சொன்னாங்க.

1980கள்ல மைக்கேல் தாம்சன், மைக்கேல் வார்பர்ட்டன்னு ரெண்டு பேர் இந்த நம்பர்களை எடுத்துப் பார்த்தாங்க. ஒரு ஆள் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு விறகு எரிக்கிறார்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு போட்டிருக்காங்க. மிகக் குறைஞ்ச கணக்குக்கும் மிக அதிகமான கணக்குக்கும் நடுவுல 67 மடங்கு வித்தியாசம்! சின்ன நம்பர் சரின்னா பிரச்சினையே இல்லை. பெரிய நம்பர் சரின்னா நாடே காலி. ரெண்டுக்கும் நடுவுல எதை எடுக்கிறதுன்னு தெரியாமலே கோடிக்கணக்குல திட்டம் போட்டிருக்காங்க. அப்புறம் 1989ல ஜாக் ஐவ்ஸ், புருனோ மெசெர்லின்னு ரெண்டு புவியியலாளர்கள், மலை விவசாயி வெட்டுற மரத்தையும் வங்கதேச வெள்ளத்தையும் அவ்வளவு சுலபமா முடிச்சுப் போட முடியாதுன்னு புத்தகமே எழுதினாங்க. இமயமலை இன்னும் உயர்ந்துட்டிருக்கிற மலை, மழைக்காலத்துல அது இயல்பாவே சரியும்.

ஆசிரியர் சொன்னார்: “ஏழைங்க மேல பழி போடுற ஒரு கணக்கு உங்க கையில கிடைச்சா, அதை ரெண்டு தடவை சரி பாருங்க.” நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். எழுதிக்கிட்டதோட சரி. அது அப்புறம் தெரியும்.

காடு யாரோடது?

நேபாளக் கதையைச் சுருக்கமா சொல்றேன். 1957ல அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு தனியார் காடுகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்குச்சு. ஜமீன் மாதிரி இருந்த பெரிய குடும்பங்க கையிலிருந்து எடுக்கிறதுதான் நோக்கம். ஆனா மலைக் கிராமத்துல ஊரே சேர்ந்து பார்த்துக்கிட்ட காடும் அதுல போயிடுச்சு. அவ்வளவு காட்டைக் காவல் காக்க அரசாங்கத்துக்கு ஆளும் இல்லை. ‘நம்மது இல்லை’ன்னு ஆனதும், முந்தினவனுக்கு லாபம்னு பல இடங்கள்ல வெட்ட ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க.

1978ல கிராமப் பஞ்சாயத்துக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தாங்க. பெருசா எடுபடலை. பஞ்சாயத்துங்கிறது ஒரு நிர்வாக எல்லை. காட்டுல புல் அறுக்கிறவங்க யாருன்னு அந்த எல்லைக்குத் தெரியாது. 1993 வனச்சட்டம்தான் பெரிய திருப்பம். யார் அந்தக் காட்டை உண்மையில பயன்படுத்துறாங்களோ, அந்த வீடுகளே ஒரு குழுவாப் பதிவு பண்ணிக்கலாம். நிலம் அரசாங்கத்தோடது. ஆனா காட்டை நிர்வாகம் பண்றது, அதுல வர்றதை எடுத்துக்கிறது, விக்கிறது, பணத்தை வச்சுக்கிறது எல்லாம் குழுவோட உரிமை. குழுவுக்கு விதிமுறை வேணும். காட்டுக்கு ஒரு செயல்திட்டம் வேணும், அதை வன அலுவலகம் ஒத்துக்கணும். வருமானத்துல 25 சதவீதம் திரும்பக் காட்டுக்கே போகணும். 2009 வழிகாட்டுதல்ல 35 சதவீதம் ஏழைகளுக்குன்னும், கமிட்டியில பாதிப் பேர் பெண்கள்னும் சேர்த்தாங்க.

இன்னிக்கு இந்த மாதிரி 22,000க்கு மேல குழுக்கள் இருக்கு. 1992ல நாட்டுல சுமார் 26 சதவீதமா இருந்த காடு 2016ல 45 சதவீதம் ஆகியிருக்குன்னு நாசா நிதியில நடந்த ஒரு செயற்கைக்கோள் ஆய்வு சொல்லுது. மொட்டையாயிடும்னு சொன்ன நாட்டுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

இதைப் படிச்சுட்டு நான் அப்பாவுக்கு போன் பண்ணி, “பார்த்தீங்களா, எங்க வந்திருக்கேன்னு”ன்னு பெருமை அடிச்சேன்.

சித்வன் போனப்போ

ரெண்டாவது செமஸ்டர்ல எங்களைச் சித்வன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 1973ல உருவானது, நேபாளத்தோட முதல் தேசியப் பூங்கா. அங்க இருக்கிற வெற்றியும் பெருசு. 2021 கணக்கெடுப்புல நாடு முழுக்க 752 ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம், அதுல பெரும்பகுதி சித்வன்ல. 2009ல 121 ஆக இருந்த புலி 2022ல 355.

எல்லாரும் காண்டாமிருகத்தை போட்டோ எடுத்துட்டிருந்தோம். ஆத்தங்கரையில ஒரு பெரியவர் வலையைச் சரி பண்ணிட்டிருந்தார். மீன்பிடிக்கிற போட்டே சமூகம். பூங்கா வந்தப்புறம் அவங்க ஆறு அவங்களுக்குப் பூட்டின ஆறு ஆயிடுச்சு. உரிமம் இருந்தாத்தான் வலை போடலாம், அதுவும் குறிப்பிட்ட இடத்துல. பூங்கா வருமானத்துல 30லிருந்து 50 சதவீதம் வரைக்கும் சுத்தியிருக்கிற ஊர்களுக்குப் போகணும்னு 1990கள்ல விதி கொண்டுவந்தாங்க. நல்ல விதிதான். ரோடு வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு. “ரோட்டுல மீன் நீந்துமா?”ன்னு அந்தப் பெரியவர் எங்ககிட்ட கேட்டார். நாங்க சிரிச்சோம், அவர் சிரிக்கலை.

இந்தத் துறையில உயிரைக் கொடுத்தவங்களும் இருக்காங்க. 2006 செப்டம்பர் 23 அன்னிக்கு, கிழக்குக் கோடியில குன்சாங்கிற இடத்துல ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 24 பேர் செத்துப்போனாங்க. சந்திர குருங், மிங்மா நோர்பு ஷெர்பா மாதிரி நேபாள வனப் பாதுகாப்போட முன்னோடிங்க பல பேர் அதுல. கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியோட நிர்வாகத்தை அந்த ஊர் மக்கள் கையிலேயே ஒப்படைச்சுட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாங்க. எங்க சீனியர் ஆசிரியர் ஒருத்தர் அதைச் சொல்ல ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். அன்னிக்கு வகுப்பு அதோட முடிஞ்சது.

என் கணக்கு தப்பான இடம்

இப்போ என் கதைக்கு வர்றேன்.

தீசிஸுக்கு ஒரு மலைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தேன். நல்லா நடக்கிற வனக்குழுன்னு பேர் வாங்கின ஊர். குழுத் தலைவர் வீட்டுலேயே தங்கினேன். அவர் மனைவியை ‘ஆமா’ன்னு கூப்பிடுவேன். காலையில நெய் விட்ட டால் பாத், ராத்திரி திண்டோ. நம்ம ஊர் கேப்பைக் களிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அதைச் சாப்பிட்ட அன்னிக்குத்தான் எனக்கு வீட்டு ஞாபகம் கொஞ்சம் குறைஞ்சது.

வீடு வீடாப் போய் கேள்வித்தாள் வச்சுக் கேட்டேன். “வாரத்துக்கு எத்தனை பாரி விறகு எடுக்கிறீங்க?” பாரின்னா ஒரு சுமை. டோக்கோங்கிற கூடையில வச்சு, நாம சும்மாடு கட்டித் தலையில வைக்கிற மாதிரி இல்லாம, நெத்தியில பட்டை மாட்டி முதுகுல தூக்குவாங்க. எல்லா வீட்டுலயும் ஒரே பதில். ரெண்டு பாரி. நான் சந்தோஷமா டேபிள் போட்டேன். இவ்வளவு சீரான டேட்டா யாருக்குக் கிடைக்கும்!

ராத்திரி ஆமா என் நோட்டைப் பார்த்துட்டு, “நானி, குழுவோட விதியிலேயே ரெண்டு பாரின்னுதானே இருக்கு? யாராவது மூணுன்னு உன்கிட்ட சொல்லுவாங்களா?”ன்னு கேட்டாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. 67 மடங்கு கதையை நோட்டுல எழுதிக்கிட்டவதானே நான்! எங்க அப்பத்தா அரிவாளைப் புதர்ல போட்டுட்டு நின்ன மாதிரிதான் அந்த ஊரே என் முன்னாடி நின்னிருக்கு. கையில பேப்பர் வச்சிருந்ததால நான்தான் அவங்களுக்கு வாட்சர்.

கேள்வித்தாளை மூட்டை கட்டினேன். காலையில அவங்க கூடவே காட்டுக்குப் போனேன். ஒரு வில் தராசு வாங்கி, அவங்க ஒத்துக்கிட்டா மட்டும் சுமையை நிறுத்தேன். ஒரு அக்காவோட பாரி 20 கிலோ. இன்னொருத்தங்களோடது 40ஐத் தொடும். புல், இலைத்தழை, சருகு, எல்லாத்துக்கும் தனித்தனி நாள், தனித்தனி ஆள். மேல் சரிவுல சல்லாங்கிற ஊசியிலை மரம். 1970, 80கள்ல நட்டது. மேலிருந்து பார்த்தா பச்சை. ஆனா மாடு அதைத் தின்னாது. சருகு வழுக்கும், சித்திரை வெயில்ல தீ பிடிக்கும். “இது போட்டோவுக்கு நல்ல காடு”ன்னு ஒரு அக்கா சொன்னாங்க.

இன்னொண்ணும் புரிஞ்சது. காடு கூடினதுக்குக் குழு மட்டும் காரணம் இல்லை. ஊர்ல இளைஞர்களே இல்லை. கத்தார், துபாய், மலேசியா, இந்தியா. அவங்க அனுப்புற பணத்துல கேஸ் சிலிண்டர் வருது. மாடு குறைஞ்சு போச்சு. உழாத மாடிப்படி வயல்ல மரம் தானா முளைச்சிருக்கு. அங்க குரங்குக் கூட்டம். மிச்சமிருக்கிற மக்காச்சோளத்தை அது தின்னுது. செயற்கைக்கோள் படத்துல ஒரு பச்சைப் புள்ளி தெரியுதே, அதுல ஒரு பங்கு, பையன் ஊர்ல இல்லாத ஒரு அம்மாவோட வயல்.

கொல்லர் வீட்டு அடுப்பு

ஊரோட கீழ்க்கோடியில ஒரு கொல்லர் இருந்தார். காமின்னு சொல்லப்படுற தலித் சமூகம். அவரை நானும் தாய்னுதான் கூப்பிடுவேன். கோயம்புத்தூர்ல நாலு வருஷம் வாட்ச்மேனா இருந்தவராம். என்னைப் பார்த்ததும் “அண்ணா, தண்ணி, சாப்பாடு, சரி சரி”ன்னு தெரிஞ்ச தமிழ் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னார். அந்த மலையில தமிழ் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அவரோட உலை அணைஞ்சு கிடந்துச்சு. ஏன்னு கேட்டேன். கரி இல்லை. கொல்லனுக்கு விறகு போதாது, கரி வேணும். ஊருக்கே அரிவாள், கொழு, கோடாலி அடிச்சுக் கொடுத்து, அறுவடைக்கு வீட்டுக்கு வீடு தானியம் அளந்து வாங்குற குடும்பம். வனக்குழு வந்தப்போ காட்டைக் காப்பாத்தணும்னு முதல்ல போட்ட விதியே, கரி சுடக்கூடாது. ஊர்ல கரி தேவைப்பட்ட வீடு மொத்தமே நாலு. மத்த எல்லாருக்கும் அந்த விதி சுலபமா இருந்திருக்கு. விதி போட்ட கூட்டம் நடந்தது பகல் 11 மணிக்கு. அந்த நேரம் அவர் கூலி வேலையில. அவர் குழுவுல உறுப்பினர்தான், சந்தாவும் கட்டியிருக்கார். ரிஜிஸ்டர்ல பேர் இருக்கு, கூட்டத்துல ஆள் இல்லை.

மூத்த பையன் மலேசியா போயிட்டான், கடன் வாங்கி. “காடு நல்லா வளருது தங்கச்சி. என் பையனைவிட உயரம்”னார்.

ஒரு நாள் அவர் தலைவர் வீட்டுக்கு ஏதோ கேட்க வந்தப்போ முத்தத்தோட விளிம்புலேயே உட்கார்ந்தார். டீ குடிச்ச டம்ளரை அவரே கழுவி வச்சுட்டுப் போனார். 1963லயே நேபாளத்துல சட்டப்படி தீண்டாமையை எடுத்தாச்சு. ஆமா, எனக்குச் சோறு போட்ட அதே ஆமா, அந்த டம்ளர் மேல இன்னொரு தடவை தண்ணி ஊத்தினாங்க. எனக்கு அது புதுசா ஒண்ணும் இல்லை. எங்க ஊர் டீக்கடையில பார்த்ததுதான். ஆனா எங்க ஊர்ல அதைப் பத்தி ஒரு வரி நான் எழுதினதில்லை. அடுத்த நாட்டுல வந்து எழுதறதுக்கு எனக்கு என்ன தகுதின்னு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

தீசிஸ்ல எழுதறதா, வேண்டாமா?

என் கையில அழகான மேப் இருந்துச்சு. 20 வருஷத்துல அந்த ஊர்க் காடு எவ்வளவு அடர்த்தியாச்சுன்னு காட்டுறது. அதை மட்டும் போட்டாலே நல்ல மார்க். கரி விஷயத்தை எழுதினா, என்னை மகள் மாதிரி வச்சிருந்த வீட்டுக்குத் துரோகம். எழுதலைன்னா, அந்த 67 மடங்கு ஆட்களோட வரிசையில நானும் ஒருத்தி.

என் வழிகாட்டி ஆசிரியர்கிட்ட கேட்டேன். அவர் எழுதுன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. “நீ பொக்காராவுல எழுதறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல சொல்லிட்டியா?”ன்னு மட்டும் கேட்டார்.

அதனால பொதுக்கூட்டத்துல பேச அனுமதி கேட்டேன். நேரத்தைச் சாயங்காலம் ஆறுக்கு மாத்தச் சொன்னேன். ஆலும் அரசும் நிக்கிற சௌதாரி மேடையில எல்லாரும் உட்கார்ந்தாங்க. என் ஓட்டை நேபாளியில முதல்ல என் தப்பைச் சொன்னேன். ‘ரெண்டு பாரி’ டேபிளைக் காட்டினேன், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் மேப்பைக் காட்டினேன், கை தட்டினாங்க. அதுக்கப்புறம், “இந்தக் காடு வளர்ந்ததுக்கு நாலு வீடு மத்தவங்களைவிட அதிகமா விலை கொடுத்திருக்கு”ன்னு சொன்னேன்.

யாரும் பேசலை. தலைவர் முகம் சிவந்துடுச்சு. “எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்களையே திருடன்னு சொல்றியா?”ன்னார். திருடன்னு நான் சொல்லலை. ஆனா அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கு. கொல்லர் தாய் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச வைக்கணும்னு நான் திட்டம் போட்டிருந்தேன். அவர் பேசலை. இப்போ யோசிச்சா, அவரைக் கேட்காம அவர் விஷயத்தை நான் பொதுவுல எடுத்திருக்கேன். நான் ரயில் ஏறிப் போயிடுவேன். அவர் அங்கேயே இருக்கணும். இதை நான் முதல்ல யோசிச்சிருக்கணும்.

பேசினது யாருன்னா, போட்டோவுக்கு நல்ல காடுன்னு சொன்னாங்களே, அந்த அக்கா. “கீழே விழுந்த மரத்துல கரி சுட்டா என்ன குறைஞ்சிடும்? என் அரிவாளைத் தீட்ட நான் பஸ் ஏறி பஜாருக்குப் போறேன்”னாங்க. அவங்க நியாயத்துக்காகப் பேசினாங்களா, அரிவாளுக்காகப் பேசினாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் நாலு பேர் பேசினாங்க. அன்னிக்கு முடிவு எதுவும் ஆகலை.

ஆமா அடுத்த ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. சோறு மட்டும் போட்டாங்க. நெய் இல்லை. கிளம்புற அன்னிக்கு நெத்தியில டீகா வச்சு, வழியில சாப்பிட வறுத்த மக்காச்சோளம் கட்டிக் கொடுத்தாங்க. “உன் ஊர்லயும் இப்படிக் கூட்டத்துல கேட்பியா?”ன்னு கேட்டாங்க. கோபமாத்தான் கேட்டாங்கன்னு நினைக்கிறேன். கேள்வி சரியான கேள்வி.

எழுதினேன். ரெண்டையும் எழுதினேன். ஒரு வருஷம் கழிச்சு கூடப் படிச்ச ஒருத்தன் அந்தப் பக்கம் போயிட்டு மெசேஜ் பண்ணான். செயல்திட்டத்தைப் புதுப்பிச்சப்போ, காய்ஞ்சு விழுந்த மரத்துலயும் பன்மாராங்கிற களைச்செடியிலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவை கரி சுடலாம்னு சேர்த்திருக்காங்களாம். கொல்லர் தாய்? அவர் அதுக்கு முன்னாடியே உலையை வித்துட்டு இந்தியாவுக்கு வேலைக்குக் கிளம்பிட்டாராம். எந்த ஊருன்னு தெரியலை. இப்போ ராத்திரி விசில் சத்தம் கேட்டா நான் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறேன்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு

நிறைய பேர் கேட்பீங்கன்னு தெரியும், அதனால நாலு விஷயம்.

ஒண்ணு, சான்றிதழ். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்க அரசு வேலைக்கோ பி.எச்.டி.க்கோ போகணும்னா சமநிலைச் சான்றிதழ் வேணும். பக்கத்து நாடுதானேன்னு விட்டுடாதீங்க. சேர்றதுக்கு முன்னாடியே அந்தப் படிப்புக்கு இங்க அங்கீகாரம் கிடைக்குமான்னு எழுத்துல விசாரிங்க.

ரெண்டு, மொழி. போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. மொழிபெயர்ப்பாளரை வச்சு ஆய்வு பண்ணா, அவர் சொல்ல விரும்புறதுதான் உங்களுக்குக் கேட்கும். ‘ரெண்டு பாரி’ன்னு அவரும் சொல்லுவார்.

மூணு, காலம். ஜூன்லிருந்து செப்டம்பர் வரைக்கும் மழை. மண் சரிஞ்சு ரோடு மூடும், அட்டை காலைப் பிடிக்கும். அக்டோபர்ல தசைன், அப்புறம் திகார், ஊரே பண்டிகையில இருக்கும். ஃபீல்டு வேலையை இதை வச்சுத் திட்டம் போடுங்க. தேசியப் பூங்காவுக்குள்ள ஆய்வுன்னா தனி அனுமதி வாங்கணும், அதுக்கும் நாள் ஆகும்.

நாலு, திரும்பக் கொடுக்கிறது. எழுதினதை அந்த ஊர் மொழியில ரெண்டு பக்கமாவது கொடுத்துட்டு வாங்க. அங்க வெளிநாட்டு மாணவர்கள் வந்து கேள்வி கேட்டுட்டுப் போறது புதுசு இல்லை. “போன வருஷம் வந்தவன் அப்புறம் லெட்டரே போடலை”ன்னு ஒவ்வொரு ஊர்லயும் சொல்லுவாங்க.

பணக்கார நாட்டுல படிச்சிருந்தா நல்ல லேப், நல்ல சாஃப்ட்வேர் கிடைச்சிருக்கும். அது இல்லாத குறை எனக்கு இப்பவும் இருக்கு. ஜி.ஐ.எஸ். எல்லாம் வேலையில சேர்ந்தப்புறம்தான் ஒழுங்காக் கத்துக்கிட்டேன். ஆனா நம்ம மாதிரியே விறகு, சாதி, வெளியூர் வேலை, மாட்டுக்குப் புல்லுன்னு வாழற ஒரு இடத்துல படிச்சதால, திரும்பி வந்து மலையடிவாரத்துல உட்கார்ந்தப்போ எனக்குக் கேள்விகள் தயாரா இருந்துச்சு.

போன மாசம் எங்க பக்கத்துக் கிராமத்துல ஒரு கூட்டம். ஓடைக்கரையில மாடு மேய்க்கத் தடை போடலாமான்னு பேச்சு. பகல் 11 மணின்னு நோட்டீஸ் அடிச்சிருந்தாங்க. மாடு மேய்க்கிறவங்க அப்போ மலையில இருப்பாங்களேன்னு சொன்னேன். ஏழு மணிக்கு மாத்தினாங்க. வந்தவங்கள்ல மூணு பேர் வெளியே திண்ணைக்குக் கீழேயே நின்னாங்க. நான் எழுந்து போய் அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டேன். அதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு அன்னிக்குத் தெரியலை. அடுத்த கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை. முன்னாடியே அவங்க மூணு பேர் வீட்டுக்கும் போய், பேசலாமா வேண்டாமான்னு அவங்களையே கேட்கப்போறேன்.

அப்பா இப்போ யார் கேட்டாலும், “பொண்ணு ஃபாரின்ல படிச்சது”ன்னு சொல்றார். எந்த நாடுன்னு கேட்டா மட்டும், “பக்கத்துலதான்”கிறார்.

இந்த மாதிரிப் படிப்புக்கு நேபாளமோ வேற பக்கத்து நாடோ போயிட்டு வந்தவங்க இருந்தா, உங்க கதையையும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.